ரத்தத்தில் நிறபேதம் ஏது? டாக்டர் சார்லஸ் ட்ரூ வாழ்க்கை

போர்க்களத்திலே குண்டடிபட்டு ஒரு வீரன் சாய்கிறான். ரத்தம் பெருகி ஓடுகிறது. அந்த நேரத்தில் அவன் உடம்பில் ரத்தம் ஏற்றினால் உயிர் பிழைப்பான். ஆனால் நினைத்த நேரத்தில் ரத்தத்துக்கு எங்கே போவது?

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. அவர் அமெரிக்கக் கறுப்பர்.

இளமை

1904-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி வாஷிங்டன் நகரில் ட்ரூ பிறந்தார். தந்தை, வீடுகளுக்குக் கம்பளம் விரிக்கும் தொழிலாளி. ஓட்டத்திலும் கால்பந்திலும் ட்ரூ சூரர். அந்தத் திறமையே அவருக்குக் கல்லூரியில் உதவிச் சம்பளம் வாங்கித் தந்தது.

டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் பணம் இல்லை. 2 ஆண்டுகள் விளையாட்டு ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்நாளில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் கறுப்பருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே கனடா நாட்டிலுள்ள மக்கில் சர்வகலாசாலைக்குப் போனார். 1933-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரத்த பாங்கி

பணத்தைச் சேமித்து வைக்க பாங்கி இருப்பதுபோல, ரத்தத்தைச் சேமித்து வைப்பது ரத்த பாங்கி. எடுத்த ரத்தம் சில நாட்களில் கெட்டுவிடும். அதிலுள்ள அணுக்களை நீக்கினால், வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் மிஞ்சும். அதற்கு பிளாஸ்மா என்று பெயர். இது நெடுநாள் கெடாமல் இருக்கும். ரத்தத்தை எப்படிப் பாதுகாப்பது என்பதை ட்ரூ ஆராய்ந்தார். 1940-ல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலை அவருக்கு உயர்ந்த பட்டம் அளித்தது.

அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. காயம்பட்டவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மா அனுப்ப ஏற்பாடாயிற்று. அந்தப் பொறுப்பு ட்ரூவிடம் வந்தது. ஏறத்தாழ 14,500 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 5,000 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா கப்பலேறியது.

அநீதி

1941-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்த பாங்கியையும் ட்ரூ அமைத்துக் கொடுத்தார். பிறகு வாஷிங்டனில் ஹோவர்டு சர்வகலாசாலைக்குத் திரும்பினார்.

அதே ஆண்டில், கறுப்பர்களின் ரத்தம் ராணுவத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாங்கியை அமைத்தவரின் ரத்தமே பாங்கிக்கு ஆகாது! கண்டனம் எழுந்தது. 1942 ஜனவரியில் கறுப்பர் ரத்தத்தையும் வாங்க இசைந்தார்கள். ஆனால் அதைத் தனியே பிரித்து வைத்தார்கள்.

ரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என வகைகள் உண்டு. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் அதே வகைகள்தான். நிறத்தைப் பார்த்து ரத்தத்தைப் பிரிப்பதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரமே இல்லை என்பதை ட்ரூ பகிரங்கமாக எடுத்துரைத்தார். கறுப்பின இளைஞர்கள் பலரை அறுவைச் சிகிச்சை நிபுணர்களாகத் தயார் செய்தார்.

1950 ஏப்ரல் 1-ந் தேதி, டஸ்கீகி நகரில் நடக்கவிருந்த மருத்துவ முகாமுக்குக் காரில் போகும்போது விபத்தில் மாண்டார். வயது 45. வெள்ளையர் ஆஸ்பத்திரி சிகிச்சை தர மறுத்துவிட்டதாக வதந்தி பரவியது. அது உண்மையல்ல. அங்கிருந்த டாக்டர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள், முடியவில்லை.

பிறகு நடந்தது

அவர் இறந்த அதே ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கம் ரத்தத்தைப் பிரித்து வைப்பதைக் கைவிட்டது. ஆனால் பாரபட்சம் அதோடு ஒழியவில்லை.

சிவப்பு அணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் ஒரு பரம்பரை நோய் உண்டு. தாய், தந்தை இருவர் வழியாகவும் குழந்தைக்கு வருவது. நோயாளி வலியால் துடிப்பார்; பலருக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் இது பெரும்பாலும் கறுப்பர்களையே வாட்டுகிறது. 1910-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் 60 ஆண்டுகள்வரை அதன் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பணம் சொற்பமே. ட்ரூ பணியாற்றிய ஹோவர்டில் குழந்தை வைத்தியரான டாக்டர் ரோலண்ட் ஸ்காட் இதற்காக ஓயாமல் பாடுபட்டார். 1972-ல்தான் இந்நோய்க்கென்று பணம் ஒதுக்க அமெரிக்க சர்க்கார் சட்டம் செய்தது.

ரத்தம் கொடுப்பவர் முகத்தை நோயாளி பார்ப்பதில்லை. உயிர் பிழைத்தால் போதும் என்றுதான் நினைக்கிறார். ட்ரூ உலகுக்குக் காட்டிய வழியால் எல்லா நிறத்தவரும் உயிர் பிழைத்து வருகிறார்கள்.