பிழை திருத்திய பெருவாழ்வு

நுழையும்முன்

பிழையின்றி எழுத வேண்டும், பிழையின்றிப் பேச வேண்டும் என்னும் விருப்பம் நல்லதே. அவ்விருப்பம் அச்சமாக மாறிவிட்டால், எழுதாமலும் பேசாமலும் இருந்துவிட நேரும். நிறைவை நாடியபோதும் அதற்காகப் பணியை நிறுத்தாமல், தம் குறைகளைத் தாமே கண்டு திருத்திக்கொண்டு நடந்த ஒருவரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

தமிழ்த்தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் உ.வே. சாமிநாதர், 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். வறுமையிலும் மகனின் கல்விக்காகக் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. தம் பதினேழாம் வயதில், 1871இல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார் சாமிநாதர். ஆசிரியர் 1876இல் மறையும்வரை அவரிடமே பயின்றார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் எனச் சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் கற்றுத் தேர்ந்தார். 1880இல், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் அரசு கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்.

அறியாமையை அறிந்த நாள்

அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைக் கற்றுள்ளீர் என்று முதலியார் வினவ, சாமிநாதர் தாம் கற்றவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். நீண்ட அப்பட்டியல் முதலியாரை வியப்பில் ஆழ்த்தவில்லை. சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். சாமிநாதர் அவற்றைப் படித்ததில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. தாம் கற்றவையே தமிழின் முழுமை என்று அவர் வாதிட்டிருக்கலாம். அவ்வீட்டுப் பக்கமே செல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முதலியாரிடமிருந்தே சிந்தாமணியின் படி ஒன்றைப் பெற்றுக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கினார்.

நூல் எளிதில் பிடிபடவில்லை. சிந்தாமணி சமணக் காப்பியம். சாமிநாதரோ சைவ நூல்களில் ஊறியவர். சமண சமயச் சொற்களும் கோட்பாடுகளும் அவருக்குப் புதியவை. தெரிந்ததுபோல் பொருள் சொல்லிச் சமாளிக்க அவர் விரும்பவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று, மாணவரைப்போல் அமர்ந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரியில் ஆசிரியராகவும் அவ்வில்லங்களில் மாணவராகவும் ஒரே காலத்தில் இருப்பது அவருக்குத் தாழ்வாகத் தோன்றவில்லை.

ஏடுகளோடு போராட்டம்

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே கா, கர, கர் ஆகிய மூன்றும் கண்ணுக்கு ஒன்றே. பாட்டும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்தாளும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதும் பல இடங்களில் விளங்காது. ஓர் ஏட்டில் உள்ள சொல் மற்றோர் ஏட்டில் வேறாக இருக்கும். எது புலவர் எழுதியது, எது ஏடெழுதியவரின் கைப்பிழை என்று பிரித்தறிய, பல ஏடுகளைத் தேடி ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. அதற்காக ஊர் ஊராக அலைந்தார்.

அலைந்த இடங்களில் எல்லாம் ஏடுகள் கிடைத்துவிடவில்லை. செல்லரித்தவை பல, ஆற்றில் விடப்பட்டவை பல. கரிவலம்வந்தநல்லூரில், பழைய ஏடுகள் வேள்வித் தீயில் இடப்பட்டன என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. ஐயம் அனைத்தும் தீரட்டும், பிறகு அச்சிடலாம் என்று காத்திருந்தால் நூலே எஞ்சாது என்பதை இத்தகைய இழப்புகள் உணர்த்தின. விளங்காத இடங்கள் சில இருந்தபோதும், தம்மால் இயன்றவரை ஆராய்ந்து 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார்.

ஏட்டில் இல்லாததைத் தம் கற்பனையால் நிரப்பவும் அவர் உடன்படவில்லை. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வருகின்றன. அவருக்குக் கிடைத்த ஏடுகளில் அவற்றுட் சில விடுபட்டிருந்தன. பெயர்களைப் புனைந்து சேர்க்காமல் தேடலைத் தொடர்ந்தார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் விடுபட்ட மலர்களைக் கண்டெடுத்தார். குறையை மறைப்பது வேறு, குறையை ஒப்புக்கொண்டு உழைப்பது வேறு என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

கண்டனமும் திருத்தமும்

சிந்தாமணி வெளிவந்தபின் பாராட்டுடன் கண்டனமும் எழுந்தது. பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று துண்டுத்தாள்கள் அச்சிட்டுப் பரப்பினர். ஏழாண்டு உழைப்பைப் பழித்தது கண்டு அவர் மனம் புண்பட்டது, மறுப்பும் எழுதினார். அன்பர் சாது சேஷையர் அதனை வெளியிட வேண்டா என்று தடுத்தார். கண்டனத்திற்கு விடை எழுதத் தொடங்கினால் வாழ்நாள் அதிலேயே கழியும் என்பது அவர் கருத்து. சாமிநாதர் அதனை ஏற்றுப் பணிக்குத் திரும்பினார். 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன.

தம் முதற்பதிப்பு குறையற்றது என்று அவர் பெருமிதம் கொண்டு இருந்துவிடவில்லை. 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பும் 1922இல் மூன்றாம் பதிப்பும் திருத்தங்களோடு வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில் சங்க நூல்களைப் பதிப்பித்ததால் பெற்ற அறிவு, முன்பு விளங்காதிருந்த பகுதிகளை விளக்கியது. முதற்பதிப்பை வெளியிடத் துணிந்திராவிட்டால் அடுத்த நூல்களுக்குச் சென்றிருக்க மாட்டார். அந்நூல்களுக்குச் செல்லாவிட்டால் முதல் நூலின் குறைகளை உணர்ந்திருக்கவும் மாட்டார்.

நிறைவு பெறாத நூல்

1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1937இல், எண்பது வயதைக் கடந்தபின், குறுந்தொகையைத் தம் உரையுடன் பதிப்பித்தார். அதன்பின் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதலானார். எழுதி முடிக்க இயலுமா என்று எண்ணித் தயங்கும் முதுமை அது. ஆயினும் எழுதினார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவ்வரலாறு மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றிருந்தது. முற்றுப்பெறாத அந்நூலே 'என் சரித்திரம்' என்னும் பெயரில் இன்றும் நம் கைகளில் தவழ்கிறது.

மாணவர்களே! ஒரு கட்டுரையைத் திருத்திப் பெறும்போது சிவப்பு மையின் கோடுகள் உங்களைச் சோர்வடையச் செய்யலாம். அக்கோடுகள் உங்கள் அடுத்த பதிப்பிற்கான குறிப்புகள் என்று கொள்ளுங்கள். பிழைக்கு அஞ்சி ஏட்டைக் கட்டி வைத்திருந்தால், சிந்தாமணி இன்று நமக்குக் கிடைத்திராது.