யெல்லா லெப்மன்: இடிபாடுகளுக்குள் ஒரு நூலகம்

ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் வைத்தியர் என்பதால், உலகின் முதற் பெண் வைத்தியர்களில் ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எழுத விரும்பியதோ ஒரு பத்திரிகையாளரைப் பற்றி. போரில் நொறுங்கிப்போன ஒரு நாட்டில், ரொட்டிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளின் கையில் புத்தகத்தையும் கொடுத்தவர் அவர். போர்க்காலத்தில் பாடசாலைக்குப் போன நம்மில் பலருக்கு அவரை அறிமுகப்படுத்த வேறு காரணம் தேவையில்லை என நினைக்கிறேன்.

யெல்லா லெப்மன் 1891 மே 15 ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் வசதியான யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரின் சிகரெட் தொழிற்சாலை ஒன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக அவர் ஒரு வாசிகசாலையை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 17. நம் பிள்ளைகள் அந்த வயதில் உயர்தர வகுப்பு ரியூசனுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கையில் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது. 1913 இல் திருமணம். முதலாம் உலகப் போருக்குப் பின் 1922 இல் கணவர் இறந்துவிட, ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தாயான யெல்லா முப்பத்தொரு வயதில் விதவையானார்.

அவர் வீட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை. ஸ்ருட்கார்ட்டின் முக்கிய பத்திரிகை ஒன்றில் சேர்ந்து, பெண்களுக்கான பகுதியைத் தொடங்கி நடத்தினார். பெண்களின் வேலை, உரிமை, அரசியல் எல்லாம் அதில் இடம்பெற்றன. பிள்ளைகளுக்கும் கதை எழுதினார். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதற்காக அவருடைய பதவி பறிக்கப்பட்டது. 1936 இல் பிள்ளைகளுடன் நாட்டை விட்டு வெளியேறி, இத்தாலி வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதில், பிறருடைய மொழியில், புதிதாக ஒரு வாழ்க்கை. கனடாவிலும் நோர்வேயிலும் சுவிஸிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் அக்காமாருக்கு அது எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் இலண்டனில் இருந்தபடியே ஜேர்மனிக்கான வானொலி ஒலிபரப்புகளில் பணியாற்றினார்.

போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம் அவரை ஜேர்மனிக்கு அழைத்தது. தமது ஆளுகைக்கு உட்பட்ட பகுதியில் பெண்கள், இளையோர் விவகாரங்களுக்கு ஆலோசகராக இருக்கவேண்டும் என்பது கோரிக்கை. அவர் உடனே சம்மதிக்கவில்லை. தன்னைத் துரத்திய, தன் இனத்தவரைக் கொன்றொழித்த நாட்டுக்கு உதவி செய்யப் போவதா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. பெரியவர்களுக்காக அவர் போயிருக்கமாட்டார். பிள்ளைகளுக்காகப் போனார். 1945 ஒக்ரோபரில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க இராணுவச் சீருடையில் ஜேர்மனியில் இறங்கினார்.

ஜீப் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். இடிந்த வீடுகளின் நிலவறைகளில் குடும்பங்கள் வசித்தன. பிள்ளைகள் தெருவில் அலைந்தார்கள். உணவு, உடை, மருந்து, கூரை எல்லாமே பற்றாக்குறை. இந்த நிலையில் புத்தகத்தைப் பற்றிப் பேசியவரைப் பலர் விசித்திரமாகப் பார்த்ததில் வியப்பில்லை. முதலில் உயிர், மற்றவை பிறகு என்று பழகிய தொழில் என்னுடையது. பசித்த பிள்ளைக்கு முதலில் பால்தான் கொடுக்கவேண்டும். லெப்மனும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் வேறொரு பசியையும் கண்டார். 1945 இல் பதினாறு வயதான ஒரு பிள்ளைக்கு ஹிட்லர் பதவியேற்றபோது நான்கு வயது. எழுத்துக்கூட்டத் தொடங்கிய நாள் முதல் அந்தப் பிள்ளை வாசித்ததெல்லாம் ஒரே குரலில் பேசிய புத்தகங்கள். இப்போது அந்தப் பாடநூல்களும் கைவிடப்பட்டுவிட்டன. மனத்திலும் அலுமாரியிலும் வெற்றிடம். அந்த இடத்தை வேறு நாட்டுப் பிள்ளைகள் வாசிக்கும் புத்தகங்கள் நிரப்பட்டும் என்று அவர் முடிவெடுத்தார்.

கையில் பணமில்லை. இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நாட்டின் நல்ல சிறுவர் நூல்களை இலவசமாக அனுப்புங்கள், ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம் என்பதே அதன் சாரம். கேட்டது யாரிடம் என்பதைக் கவனிக்கவேண்டும். நேற்றுவரை ஜேர்மன் குண்டுகளுக்கு இலக்கான நாடுகளிடம். பெல்ஜியம் மறுத்துவிட்டது. இரண்டு தடவை ஜேர்மன் படை புகுந்த நாடு அது. மறுப்பில் நியாயம் இல்லையென்று யார் சொல்லமுடியும்? லெப்மன் மீண்டும் எழுதினார். மூன்றாவது தடவையும் அப்படி நடக்காதிருக்க வேண்டுமென்றால், இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த நாட்டுப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கவேண்டும் என்று அந்த மறுப்பையே தன் காரணமாக்கினார். பெல்ஜியத்திலிருந்து மிக நல்ல தொகுதி ஒன்று வந்து சேர்ந்தது.

1946 ஜூலை 3 ஆம் திகதி மியூனிக் நகரில் கண்காட்சி திறக்கப்பட்டது. ஹிட்லர் தனக்கு உகந்த கலையைக் காட்டுவதற்கென்று கட்டி 1937 இல் திறந்துவைத்த மாளிகை அது; குண்டுவீச்சில் தப்பி நின்றது. அந்தச் சுவர்களுக்குள்ளேதான் பல நாடுகளின் படப்புத்தகங்களும் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் வைக்கப்பட்டன. பிள்ளைகளோடு பெரியவர்களும் வந்தார்கள். பின்னர் கண்காட்சி வேறு நகரங்களுக்கும் போய், ஆண்டு முடிவில் பேர்ளினை அடைந்தது.

பேர்ளினில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்காட்சிப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுக்க முடியாது, நத்தாரோ நெருங்கிக்கொண்டிருந்தது. சண்டைபிடிக்க மறுத்து, பூக்களை முகர்ந்துகொண்டு மரநிழலில் இருக்க விரும்பிய ஒரு காளையின் கதையை அமெரிக்க எழுத்தாளர் மன்றோ லீஃப் 1936 இல் எழுதியிருந்தார். ஃபேர்டினன்ட் என்பது காளையின் பெயர். லெப்மன் ஒரே இரவில் அதை ஜேர்மன் மொழிக்கு மாற்றினார். நல்ல தாள் கிடையாது. பத்திரிகைத் தாளில் 30,000 பிரதிகள் அச்சடித்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குள், கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை ஜாம் போத்தல் விளக்கில் வாசித்த எங்கள் வகுப்புக்காரருக்கு அந்தத் தாளின் நிறமும் மணமும் கூடத் தெரிந்திருக்கும்.

கண்காட்சி முடிந்ததும் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட அவருக்கு மனமில்லை. நிரந்தரமான நூலகமொன்று வேண்டும் என்று அமெரிக்காவரை போய்க் கேட்டார். எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் ஆதரித்தார். ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதி தந்தது. 1949 செப்டெம்பர் 14 ஆம் திகதி, மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் ஒரு பழைய மாளிகை வீட்டில் சர்வதேச இளையோர் நூலகம் திறக்கப்பட்டது.

அந்த நூலகம் நடந்த முறைதான் எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி. அந்நாளைய ஜேர்மன் நூலகங்களில் வாசகர் மேசைக்கு இந்தப்பக்கம் நிற்பார். நூலகர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவருவார். லெப்மன் அலுமாரிகளைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் தாங்களே போய்த் தொட்டு, புரட்டி, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்து, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஓவியம் வரைய ஓர் அறை இருந்தது. பிறமொழி வகுப்பு, நாடகம், கதை சொல்லல் எல்லாம் நடந்தன. இளையோர் புதிய நூல்களை வாசித்துத் தங்கள் அபிப்பிராயத்தை எழுதினார்கள், ஒன்றாக இருந்து விவாதித்தார்கள். நல்லதென்று புகழத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையைப் போலத் தங்களுக்கென ஒரு சபை வைத்து உலக விடயங்களையும் பேசினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை கட்டளைக்கு அணிவகுத்து நிற்கப் பழக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஒரு கதையைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் என்று எழுந்து நின்று சொல்வது அவர்களுக்குச் சின்ன விடயம் அல்ல.

எழுத்தாளர்களும் வந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் எரிஹ் கெஸ்ட்னர். சிறுவன் எமிலும் அவனுடைய துப்பறியும் நண்பர்களும் வரும் கதையை 1929 இல் எழுதிப் புகழ்பெற்றவர். 1933 மே 10 ஆம் திகதி பேர்ளினில் நாஸிகள் புத்தகங்களைக் குவித்து எரித்தபோது, தன்னுடைய நூல்களும் எரிவதைக் கூட்டத்தில் நின்று கண்ணால் கண்டவர். அப்படிப்பட்ட ஒருவர் பிள்ளைகளுக்கு நடுவில் வந்து தன் கதையை வாசித்தார். பிள்ளைகள் கண்டது பொன்னாடை போர்த்திய ஒரு பெரியவரை அல்ல, பேசிப்பார்க்கக்கூடிய ஒரு மனிதரை. மிருகங்கள் எல்லாம் கூடி மகாநாடு வைத்து, குழந்தைகளின் பொருட்டு மனிதரைச் சமாதானத்துக்கு இணங்க வைக்கும் கதையை அவர் 1949 இல் வெளியிட்டார். அந்தக் கதைக்கான எண்ணத்தைக் கொடுத்தவர் லெப்மன்தான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த என் போன்றவர்களுக்குக் கெஸ்ட்னர் தூரத்து மனிதராகத் தெரிவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. நம் நாட்டில் ஒக்ரோபர் வாசிப்பு மாதம். பாடசாலைகளில் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பதாகை, ஊர்வலம் எல்லாம் உண்டு. வாசிப்பின் மேன்மை பற்றி எழுதிப் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு அந்த மாதத்தில் ஒரு நாவல் வாசிக்க நேரம் கிடைப்பதில்லை. எழுத்தாளர் அழைக்கப்பட்டால் மாலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று நேரம் போய்விடும். அவருடைய ஒரு கதையையாவது பிள்ளைகள் முன்கூட்டியே வாசித்திருந்து, முடிவு ஏன் இப்படி என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டால், அந்த ஒரு மணித்தியாலம் இருவருக்கும் மறக்காது. இதற்குப் பெரிய செலவும் இல்லை: ஒரே கதையின் முப்பது பிரதிகள், பூட்டாத அலுமாரி, குறுக்கே பேசாத ஓர் ஆசிரியை. மேல்வகுப்புகளில் நூலகப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். கணித ஆசிரியைகள் மன்னிக்கவும்.

லெப்மனின் பிற்காலப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951 இல் மியூனிக்கில் பல நாட்டு எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் ஆசிரியர்களையும் கூட்டினார். அதன் பயனாக, இளையோர் நூல்களுக்கான சர்வதேசச் சபை 1953 இல் சூரிச்சில் உருவானது. அச்சபை ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் பெயரில் வழங்கும் விருதை 1956 இல் முதன்முதலாக இங்கிலாந்தின் எலினோர் ஃபார்ஜன் பெற்றார். அன்டர்சனின் பிறந்த நாளான ஏப்ரல் 2 சர்வதேசச் சிறுவர் நூல் தினமாக 1967 முதல் கொண்டாடப்படுகிறது. நூலகத்தின் பணத்தட்டுப்பாடு அவரை விடவே இல்லை. கதவு கதவாகத் தட்டுவதற்கு அவர் கூச்சப்பட்டதும் இல்லை. 1957 இல் ஓய்வுபெற்றுச் சூரிச்சில் குடியேறி, தன் நினைவுகளை 1964 இல் நூலாக வெளியிட்டார். 1970 ஒக்ரோபர் 4 ஆம் திகதி அந்நகரிலேயே காலமானார்.

அவர் தொடங்கிய நூலகம் 1983 இல் மியூனிக்கின் மேற்கே புளூட்டன்பேர்க் என்ற பழைய கோட்டைக்கு இடம்மாறியது. இப்போது அங்கே 200 இற்கும் மேற்பட்ட மொழிகளில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான நூல்கள் இருக்கின்றன. கெஸ்ட்னரின் நினைவாக ஓர் அறை உண்டு. பிள்ளைகள் இன்றும் அங்கே புத்தகம் இரவல் வாங்குகிறார்கள். 2010 இல் தொடங்கிய விழா ஒன்றில் பல நாட்டு எழுத்தாளர்கள் பவேரியா மாநிலமெங்கும் பாடசாலைகளுக்குப் போய் மாணவர் முன் வாசிக்கிறார்கள். ஜேர்மனியில் இருக்கும் நம் சங்கத்து உறுப்பினர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை அந்தக் கோட்டைக்குப் போய்வந்து, பார்த்ததை எங்களுக்கும் எழுதுங்கள்.