ஒளியை அலையென்று கண்ட வைத்தியர்

பெயர் போடாமல் ஒரு பத்திரிகை வெளியிட்ட கண்டனம், மெய்யான சாஸ்திர உண்மை ஒன்றைப் பன்னிரண்டு வருஷ காலம் இருட்டில் தள்ளிவிட்டது. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு இது பெருமை தரும் கதையன்று. ஆயினும் தாமஸ் யங் என்னும் ஆங்கில மேதையின் சரித்திரத்தை இதை ஒதுக்கிவிட்டுச் சொல்ல இயலாது. ஆங்கிலேயர் ஒருவரின் புகழைத் தேசீயப் பத்திரிகை பாடுவதா என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள், அவர் தம் தேசத்தார் தெய்வமாய்க் கொண்டாடிய ஒரு பெயரையே எதிர்த்து நின்றவர் என்பதை நினைவில் வைப்பாராக.

யங் 1773-ம் வருஷம் ஜூன் 13-ந் தேதி ஸோமர்ஸெட் ஜில்லாவில் மில்வெர்டன் என்னும் ஊரில், குவேக்கர் குடும்பமொன்றில், பத்துக் குழந்தைகளில் மூத்தவராய்ப் பிறந்தார். இரண்டு வயதில் வாசிக்கக் கற்றார். பால்யத்திலேயே லத்தீன், கிரீக் தவிர எபிரேயம், அரபி, பாரசீகம் ஆகியவற்றிலும் பழகினார். ஜீவனத்துக்காக வைத்தியம் படித்தார். அருகிலும் தூரத்திலும் உள்ளவற்றைக் கண் எவ்வாறு தெளிவாய்க் காண்கிறதென்று ஆராய்ந்து, கண்ணின் வில்லை தன் வளைவை மாற்றிக் கொள்வதே காரணம் என்று எழுதினார். அதற்காக 1794-ல், 21 வயதில், ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

மனிதக் குரல் பிறக்கும் விதத்தைப் பற்றிய ஆராய்ச்சி அவரை ஒலியின் பக்கம் திருப்பியது. ஒலி அவரை ஒளியிடம் கொண்டு சேர்த்தது. மணியை அடித்தால் அதைச் சூழ்ந்த காற்று நெருங்கியும் விலகியும் அசைகிறது. அந்த அசைவு வினாடிக்குச் சுமார் 1,100 அடி வேகத்தில் பரவுகிறது. பரவுவது அசைவே, காற்று தன் இடத்திலேயே ஆடி நிற்கிறது. ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு தந்திகளை ஒருங்கே மீட்டினால் ஒலி பெருகியும் தேய்ந்தும் வருவதைத் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்போர் அறிவர். இரண்டு அலைகளின் முகடுகள் சேர்ந்தால் ஒலி ஓங்கும். ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால் ஒலி ஒடுங்கும். ஒளியும் அலையானால், ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் உண்டாக வேண்டுமே என்று யங் எண்ணினார்.

ஒளி நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்பது நியூட்டனின் கொள்கை. ஹாலந்து தேசத்து ஹைகென்ஸ் 1690-லேயே அலைக் கொள்கையை வெளியிட்டிருந்தும் நியூட்டன் என்ற பெயரின் முன் அது எடுபடவில்லை. வேடிக்கை என்னவெனில், டாங்கின் வளைகுடாவில் இரண்டு வழியாய் வரும் கடலேற்றங்கள் ஒன்றையொன்று அழித்துக் கொள்வதை விளக்கியவரும் நியூட்டனே. அந்த நியாயத்தைத்தான் யங் 1801-ல் ஒளிக்குப் பொருத்தினார். சவுக்காரக் குமிழியின் வர்ணங்களைப் போன்ற மெல்லிய ஏடுகளின் வர்ணங்களைப் பற்றி நியூட்டன் எடுத்திருந்த அளவுகளையே கொண்டு அலையின் நீளத்தைக் கணக்கிட்டார். ஓர் அங்குலத்தில் சிவப்பு அலைகள் சுமார் 38,000 அடங்கும். ஊதா அலைகள் சுமார் 60,000 அடங்கும்.

1803 ஜனவரியில் எடின்பரோ ரிவ்யூ பத்திரிகை அவர் மேல் பாய்ந்தது. எழுதியவர் ஹென்றி புரூஹாம், 24 வயதான வக்கீல், பிற்காலத்தில் இங்கிலாந்தின் லார்டு சான்ஸலர். தம் கணிதக் கட்டுரை ஒன்றை யங் முன்பு குறைகூறியதை அவர் மறக்கவில்லை என்பார்கள். சாட்சியத்தை உடைக்க முடியாதபோது சாட்சி சொல்பவரை ஏளனம் செய்யும் வித்தையை, அத்தொழில் பயின்ற நாம் அறியாதவரல்லோம்.

யங்கின் மறுமொழி ஒரு பரிசோதனை. இருண்ட அறைக்குள் ஊசித் துவாரத்தின் வழியே வெயிலை விட்டு, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை அதில் பிடித்தார். நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருளுமாய்க் கோடுகள் தோன்றின. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்தவுடன், மறுபக்கத்து ஒளி முன்போலவே வந்தும், அக்கோடுகள் மறைந்தன. இரண்டு பக்கத்து ஒளியும் கலந்தே அவை பிறந்தன என்பதற்கு இதைவிட எளிய ருசு வேறென்ன? 1803 நவம்பரில் இதை ராயல் சொஸைட்டியில் வாசித்தார். மீண்டும் அதே பத்திரிகை, அதே ஏளனம். 1804-ல் யங் பதிலாக அச்சிட்ட சிறு புத்தகம் ஒரே ஒரு பிரதி விற்றதாம். அவருடைய எழுத்து சுருக்கமாயும் கடினமாயும் இருந்ததும் ஒரு காரணந்தான். ஆனால் பழியின் பெரும்பங்கு அதனுடையதன்று.

விமோசனம் பிரான்சிலிருந்து வந்தது. ரோடு எஞ்ஜினீயரான பிரெனல் 1815-ல் தாமாகவே அதே முடிவை அடைந்து, யங் செய்யாத கணக்குகளையும் செய்து காட்டினார். பாரிஸ் அகாடமியில் துகள் கட்சியைச் சேர்ந்த புவாஸான், இக்கணக்கு சரியானால் வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்ற வேண்டுமே, இது நடக்கக் கூடியதா என்று மடக்கினார். அராகோ பரிசோதித்தார், புள்ளி இருந்தது! 1819-ல் பரிசு பிரெனலுக்குக் கிடைத்தது. ஒலி தான் செல்லும் திசையிலேயே ஆடுவது. ஒளி அதற்குக் குறுக்கே ஆடலாம் என்ற யோசனையை 1817-ல் அராகோவுக்குக் கடிதமூலம் தெரிவித்தவர் யங். பிரெனலிடம் அவர் பொறாமை கொள்ளவில்லை. 1827-ல் மரணப் படுக்கையிலிருந்த பிரெனலுக்கு ராயல் சொஸைட்டியின் ரம்போர்டு பதக்கம் சேரும்படி செய்தவரும் அவரே.

தண்ணீரில் ஒளியின் வேகம் குறைகிறதென்று 1850-ல் பூக்கோ காட்டியபின் பழைய துகள் கொள்கை வீழ்ந்தது. 1905-ல் ஐன்ஸ்டைன் ஒளிக்குத் துகளின் குணமும் உண்டென்றார். அது நியூட்டன் நினைத்த துகளன்று, யங்கின் கோடுகளையும் அது அழிக்கவில்லை.

யங் ஒளியோடு நிற்கவில்லை. ரொஸெட்டா கல்லின் எகிப்திய எழுத்துக்களில் சிலவற்றை ஷாம்போலியனுக்கு முன்பே படித்தறிந்தார். கடைசி நோயிலும் எகிப்திய அகராதி ஒன்றைத் தொகுத்துக் கொண்டிருந்தார்; பேனா பிடிக்கக் கைக்கு வலுவில்லாமற் போகவே பென்சிலால் எழுதினார். 1829-ம் வருஷம் மே 10-ந் தேதி, 55-வது வயதில் காலமானார். அகராதி அவர் இறந்த பிறகே வெளிவந்தது.