மின்சாரக் காரில் ஹீட் பம்ப்: 1852-லேயே கணக்குப் போட்ட கெல்வின் பிரபு யார்?

பாகான் டாலாமில் மத்தியான வெயிலில் காரை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே 50 டிகிரியைத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. உட்கார்ந்ததும் கை தானாக ஏர்கோன் பக்கம்தான் போகும்.

இப்போது நீங்கள் மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல மாடல்களின் விளம்பரத்தில் ஹீட் பம்ப் என்ற சொல் கண்ணில் படும். வெயில் கொளுத்தும் ஊரில் ஹீட் எதற்கு? அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடினால், 1907-இல் மறைந்த ஒருவரிடம் போய் நிற்போம். அவர் பெயர் வில்லியம் தாம்சன். உலகத்துக்கு அவர் கெல்வின் பிரபு.

யார் இந்த கெல்வின்?

1824 ஜூன் 26-ஆம் தேதி அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். அவருக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது.

பத்து வயதிலேயே அந்தப் பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்துவிட்டார் வில்லியம். பிறகு கேம்பிரிட்ஜ், அதன் பின் பாரிஸ். 22 வயதில் கிளாஸ்கோவிலேயே பேராசிரியர். அந்த நாற்காலியில் 53 ஆண்டுகள் இருந்தார்!

பாரிஸில் அவர் ஒரு புத்தகத்தைத் தேடி அலைந்தார். வெப்பத்தால் ஓடும் எந்திரங்களைப் பற்றி சாடி கார்னோ எழுதியது. அது வெளியானதும் 1824, வில்லியம் பிறந்த அதே ஆண்டு. கடை கடையாக ஏறியும் அப்போது கிடைக்கவில்லை. ஆனால் அதிலிருந்த கருத்து அவரை விடவில்லை. 1848-இல் அதை வைத்துத்தான் புதிய வெப்ப அளவுமுறை ஒன்றை முன்வைத்தார். நீங்கள் பள்ளியில் படித்த கெல்வின் அளவுமுறை அதுதான். அதன் பூஜ்ஜியம் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்.

வெப்பநாட்டுக்காக எழுந்த கேள்வி

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் பியாசி ஸ்மித் என்ற வானியலாளர் இருந்தார். வெப்ப நாடுகளில் வீட்டுக்குள் காற்றைக் குளிர்விக்க ஒரு யோசனை சொன்னார் அவர். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு, காற்றை மறுபடி விரியவிட்டால் குளிரும்.

தாம்சன் அந்த யோசனையை எடுத்துக் கணக்குப் போட்டார். குளிர்விக்கிற எந்திரம் உண்மையில் என்ன செய்கிறது? குளிரை உருவாக்கவில்லை. ஓரிடத்திலிருந்து வெப்பத்தை எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுகிறது. அப்படின்னா அதையே திருப்பி வைத்தால், குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவரலாமே! நிலக்கரியை அடுப்பில் எரிப்பதைவிட மிகக் குறைந்த எரிபொருளில் வீடு சூடாகும் என்று அவர் காட்டினார். கட்டுரை வெளியான ஆண்டு 1852. அவருக்கும் மார்கரெட் கிரமுக்கும் கல்யாணம் நடந்ததும் அதே ஆண்டுதான்.

ஆனால் அந்த எந்திரம் வீட்டுக்கு வர நீண்ட காலம் ஆனது. நிலக்கரி மலிவாகக் கிடைத்தபோது யாருக்கு அவசரம்? 1850-களில் ஆஸ்திரியாவின் ஓர் உப்பு ஆலையில் ரிட்டிங்கர் என்பவர் இந்த வழியை முயன்று பார்த்தார். 1938 வாக்கில் சூரிச் நகர மண்டபம் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கப்பட்டது.

பினாங்குக்கு என்ன தொடர்பு?

தாம்சனை ஊரறியச் செய்தது வெப்பம் அல்ல, கடலடித் தந்தி. அட்லாண்டிக் கடலின் அடியில் கம்பி போட்ட பணியில் அவர் கப்பலிலேயே போனார். நீளமான கம்பி வழியே வரும் மிக மெல்லிய மின்சாரத்தைக் கண்டுபிடிக்க, சின்னக் கண்ணாடியும் ஒளிக்கீற்றும் கொண்ட கருவி ஒன்றைச் செய்தார். அந்தக் காலக் கடலடித் தந்தி நிலையங்களில் அது பரவலாகப் பயன்பட்டது. 1866-இல் சர் பட்டம் கிடைத்தது.

1870 இறுதியில் மெட்ராஸையும் பினாங்கையும் கடலடிக் கம்பி இணைத்தது. அதே ஆண்டின் நடுவில்தான் நீண்டகாலம் நோயில் கிடந்த மார்கரெட் காலமானார். தாம்சன் 1874-இல் மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. 1892-இல் பிரபு பட்டம் வந்தபோது, பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே எடுத்துக்கொண்டார்.

கணக்கு சரி, அனுமானம் தவறு

இவ்வளவு பெரிய மனிதரும் சறுக்கியிருக்கிறார். பூமி ஆறுவதற்கு எடுத்த காலத்தை வைத்து, 1862-இல் அதன் வயதைக் கணித்தார்: 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள். உண்மை வயது சுமார் 454 கோடி!

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. பூமியின் உள்ளே வெப்பம் எப்படி நகர்கிறது என்று அவர் நினைத்ததில்தான் பிழை. அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெரி 1895-இல் அதைச் சுட்டிக்காட்டினார். கெல்வின் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. 1907 டிசம்பர் 17-இல் மறைந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

சரி, உங்கள் காருக்கு வருவோம்

பெட்ரோல் காரின் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. குளிர் நாட்டில் அந்த வெப்பமே இலவச ஹீட்டர். மின்சார மோட்டாரில் அப்படி வீணாகும் வெப்பம் குறைவு. சாதாரண மின் ஹீட்டர் போட்டால் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு வெப்பம்தான். அதுவும் பேட்டரியிலிருந்து போகும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து எடுத்துத் தருவதால், அதே மின்சாரத்தில் இரண்டு, மூன்று பங்கு கிடைக்கும். பனிக்காலத்தில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் அதிகம் குறையாமல் பார்த்துக்கொள்ள இது உதவும்.

இங்கேதான் பூமியின் வயது கொடுத்த பாடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு எந்த ஊருக்குப் போட்டது? ஐரோப்பிய ஜனவரிக்கு. பினாங்கில் இரவு வெப்பநிலையே சுமார் 24 டிகிரி. காரைச் சூடாக்கும் தேவை உங்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் ஏர்கோனும் அதே எந்திரம்தான், குளிர்விக்கும் திசையில் ஓடுகிறது. அது கிட்டத்தட்ட எல்லா மின்சாரக் காரிலும் இருக்கிறது.

அப்போ எதைக் கவனிக்கணும்?

முதலில் பேட்டரி. அதிக சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். 2013 மாடல் நிசான் லீஃப் ஹீட் பம்போடு வந்தது. ஆனால் அந்த லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் பேட்டரியின் கொள்ளளவு சீக்கிரம் குறைவதாக 2012-லேயே சில உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். அதனால் ஹீட் பம்ப் இருக்கிறதா என்பதற்கு முன், பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறதா என்று கேளுங்கள். வேகச் சார்ஜ் போடும்போது பேட்டரி நன்றாகச் சூடாகும், அப்போதும் அதுதான் காப்பாற்றும்.

அடுத்தது ஏர்கோன் எண். வெளியே 34 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 24 வைத்தால் வித்தியாசம் 10. கெல்வின் அளவில் 24 டிகிரி என்பது 297. அதை 10-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 30. குறையே இல்லாத எந்திரம் ஒரு பங்கு மின்சாரத்தில் 30 பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று அர்த்தம். உள்ளே 18 வைத்தால் அது சுமார் 18 பங்காக இறங்கிவிடும். நிஜ ஏர்கோன் இந்த எண்களுக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆனால் எண்ணை இறக்க இறக்கச் செலவு ஏறும் என்ற விதி மாறாது.

நிழலில் நிறுத்துங்கள். கிளம்பும் முன், சார்ஜரில் இருக்கும்போதே காரைக் குளிர்வித்துக்கொள்ளுங்கள். பாலம் ஏறி ஜார்ஜ்டவுன் போய்வர அந்தச் சேமிப்பு கைகொடுக்கும்.