வளையம் சொன்ன வழித்தடம்

அந்தி சாயும் வேளை. திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூரின் வயல்வெளிகளில் பகலெல்லாம் இரைதேடிய மைனாக்களும் காகங்களும் சிறுசிறு கூட்டங்களாகத் திரும்புகின்றன. கிளைக்கிளையாக இடம்பிடித்து, ஆரவாரம் அடங்கியபின் ஒன்றாக உறங்குகின்றன. பறவைகள் ஏன் கூடியடைகின்றன? குளிர்காலத்தில் மட்டும் வரும் பறவைகள் ஏனைய நாள்களில் எங்கே வாழ்கின்றன? இத்தகைய வினாக்களுக்கு விடை தேடுவதையே வாழ்வாகக் கொண்டவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

குருவி காட்டிய வழி

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தார். இளம் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜி வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது, காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று அறிய, மாமாவின் பரிந்துரையோடு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். செயலர் மில்லார்டு, அங்குப் பாதுகாக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். வேட்டை விருப்பம் அறிவு வேட்கையாக மாறத் தொடங்கியது.

பெர்லினில் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, அவர் வகித்த அருங்காட்சியகப் பணி நீக்கப்பட்டிருந்தது. வேலையின்றி, மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். அங்குக் கூட்டமாகக் கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உற்றுநோக்கினார். ஆண்குருவி பாதிக்கூடு முடைந்து காத்திருப்பதையும், பெண்குருவி வந்து தேர்ந்த பின்னரே அது நிறைவு பெறுவதையும் பதிவு செய்தார். வறுமைக்காலம் ஆய்வுக்காலமாக மாறியது. 1945இல் கட்ச் உவர்நிலத்திற்குச் சென்று, அங்குத் திரண்டு இனப்பெருக்கம் செய்த பூநாரைகள் ஏறத்தாழ 5 இலட்சம் என மதிப்பிட்டார்.

காலில் ஒரு முகவரி

1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. நோய் மனிதரையும் தாக்கியது. அதன் கிருமி, உருசிய நாட்டு நோய் ஒன்றின் கிருமியை ஒத்திருந்தது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகள் அதனைக் கொணர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் உதவியோடு சலீம் அலி வளையமிடும் பணியைத் தொடங்கினார். மெல்லிய வலையில் பிடித்த பறவையின் காலில், எண்ணும் கழகத்தின் முகவரியும் பொறித்த வளையத்தை மாட்டி வானில் விடுவர். தொலைவில் அதைக் காண்பவர் எழுதும் மடலே பறவையின் பயணத்தைக் கூறும். பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் கண்டறியப்பட்டன.

தமிழ்நாட்டின் கோடியக்கரையும் இப்பணிக்குக் களமாயிற்று. ஏறத்தாழ 30 கிராம் எடையே உள்ள கொசு உள்ளான், ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இத்தகைய கடற்கரைகளை நாடி வருகிறது. வழியில் ஒரு சதுப்புநிலம் அழிந்தாலும், அதன் பயணம் தடுமாறும்.

நீருக்கான வழக்கு

பரத்பூர் ஏரி முன்னர் மன்னர்களின் வேட்டைக்களம். 1938இல் ஒரே நாளில் 4,273 பறவைகள் அங்குச் சுடப்பட்டன. விடுதலைக்குப் பின், ஏரியின் நீரும் நிலமும் வேளாண்மைக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. உழவர்களின் தேவையும் உண்மையே. எனினும், நீர் வற்றினால் பல நாட்டுப் பறவைகளின் புகலிடம் மறையும் என்பதைச் சலீம் அலி நேருவிடம் எடுத்துரைத்தார். ஏரி காக்கப்பட்டது, 1985இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் ஏற்கப்பட்டது. சுடுவதற்கு நீட்டிய கரங்கள் இருந்த இடத்தில், வளையமிடும் கரங்கள் பணிபுரிந்தன.

பத்மபூசண், பத்மவிபூசண் விருதுகளைப் பெற்ற அவர், 1987 ஜூன் 20 அன்று மறைந்தார். அவர் பெயரில் பறவையியல் மையம் 1990இல் கோவை ஆனைக்கட்டியில் தொடங்கப்பட்டது.

கூட்டமாக அடைவது பறவைகளுக்குப் பாதுகாப்பும் வெப்பமும் தருகிறது. இரை உள்ள இடத்தை அறியவும் உதவுகிறது என்பர் அறிஞர். ஆதலால், ஒரு மரத்தை வெட்டுபவர் ஓர் ஊரின் பறவைகளையே இரவில் இடமற்றவையாக்குகிறார். அய்யலூரின் மரத்தில் இன்றிரவு அடையும் பறவைகளுக்கு, நாளையும் அந்த மரம் இருக்க வேண்டும். சலீம் அலியின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற கடமை இதுவே.