உயிர் காத்த முகக்கவசம்

டாக்டர் வூ லியன் தே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு பொற்கொல்லர். பினாங்கு ஃபிரி பள்ளியில் பயின்ற வூ, 1896ஆம் ஆண்டு அரசியார் உபகாரச் சம்பளத்தைப் பெற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். தாயகம் திரும்பிய அவர், அபினி எனும் கொடிய பழக்கத்தை ஒழிக்கவும் பாடுபட்டார். பின்னர், 1908ஆம் ஆண்டு சீனாவுக்குச் சென்று, தியன்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கே உள்ள மஞ்சூரியாவில் மர்ம நோயொன்று பரவியது. நோய் கண்டவர்கள் காய்ச்சலும் இருமலுமாகச் சில நாள்களிலேயே மாண்டனர். நோயின் காரணத்தைக் கண்டறிய அரசாங்கம் டாக்டர் வூவை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. எலும்பை நடுங்க வைக்கும் குளிரில் அங்குச் சென்ற அவர், நோயால் இறந்த பெண் ஒருவரின் உடலை அறுத்துச் சோதித்தார். அது நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் என்பதை அறிந்தார். எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளால்தான் கொள்ளைநோய் பரவும் என மருத்துவர்கள் நம்பிய காலம் அது. ஆனால், இந்நோய் மூச்சுக்காற்றின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று டாக்டர் வூ கூறினார். மெல்லிய துணியின் நடுவே பஞ்சை வைத்துத் தைத்த எளிய முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

இளைஞரான அவருடைய சொல்லை மூத்த மருத்துவர்கள் சிலர் ஏற்கவில்லை. அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவரான மெஸ்னி, முகக்கவசம் அணியாமலே நோயாளிகளைச் சோதித்தார். ஒரு வாரத்திற்குள் அவரும் அதே நோய்க்குப் பலியானார். இச்செய்தி நகரையே உலுக்கியது. அதுவரை அலட்சியமாக இருந்தவர்களும் முகக்கவசம் அணியத் தொடங்கினர்.

எனினும், பிற கட்டுப்பாடுகளை ஏற்பது மக்களுக்கு எளிதாக இல்லை. குடும்பத்தைவிட்டுப் பிரிக்கப்படுவோமோ என அஞ்சிய பலர் நோயாளிகளை மறைத்தனர். சிலர் இறந்தோரின் உடல்களை இரவோடு இரவாகத் தெருவில் கிடத்திவிட்டுச் சென்றனர். டாக்டர் வூ, நோய் கடுமையாகப் பரவிய பகுதியை நான்காகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியினருக்கும் வெவ்வேறு நிறத்தில் அடையாளப் பட்டை வழங்கினார். நோயாளிகளோடு பழகியவர்களை இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார். புத்தாண்டுக்குச் சொந்த ஊர் திரும்பவிருந்த தொழிலாளர்களின் இரயில் பயணமும் கட்டுப்படுத்தப்பட்டது.

நிலம் பனியால் உறைந்து கிடந்ததால் ஈராயிரத்திற்கும் அதிகமான உடல்களைப் புதைக்க முடியவில்லை. உடலை எரிப்பது மக்களின் வழக்கத்திற்கு மாறானது. எனவே, டாக்டர் வூ முறைப்படி அரசவையின் அனுமதியைப் பெற்று, 1911ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அவ்வுடல்களை எரியூட்டச் செய்தார். அதன்பின் இறப்புகள் படிப்படியாகக் குறைந்தன. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் முற்றிலும் ஓய்ந்தது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் உயிரிழந்திருந்தனர்.

அதே ஆண்டு ஏப்ரலில் நடைபெற்ற அனைத்துலகக் கொள்ளைநோய் மாநாட்டிற்கு டாக்டர் வூ தலைமையேற்றார். 1935ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கும் அவர் முன்மொழியப்பட்டார். 1937ஆம் ஆண்டு மலாயா திரும்பிய அவர், ஈப்போவில் மருத்துவத் தொழிலைத் தொடர்ந்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பினாங்கில் காலமானார்.

நோயைக் கண்டறிந்தவர் ஒரு மருத்துவர். அதனை விரட்டியதோ அவர் சொல்லுக்குச் செவிசாய்த்து, சிரமங்களைப் பொறுத்துக்கொண்ட பொதுமக்கள். ஒருவர் அணியும் முகக்கவசம் அவரை மட்டுமன்றி, அவர் அறியாத பலரையும் காக்கிறது என்பதை டாக்டர் வூவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.