மூதறிஞரின் மாற்றுக்குரல்

1942ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள். அலகாபாத்தில் அகில இந்தியக் காங்கிரசுக் குழு கூடியிருந்தது. சென்னை மாகாணத்தின் முன்னாள் முதன்மை அமைச்சர் ஒருவர் எழுந்து தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். முஸ்லிம் லீக் கோரும் பிரிவினை உரிமையைக் கொள்கை அளவில் ஏற்று, அக்கட்சியோடு உடன்பாடு கண்டு, தேசிய அரசு ஒன்றை உடனே அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவையில் எதிர்ப்பு பொங்கியது. வாக்கெடுப்பில் தீர்மானத்தை ஆதரித்தோர் 15 பேர். எதிர்த்தோர் 120 பேர். முன்மொழிந்தவரோ தம் கருத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. தோல்விக்குப் பின் அமைதியாகிவிடவும் இல்லை. அவர்தாம் இராஜாஜி என்று தமிழகம் அழைத்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

இந்திய அரசியலில் கட்சியை விட்டு விலகியவர்கள் பலர். திரும்பி வந்தவர்களும் பலர். இரண்டையும் செய்து, பின்னர் எண்பதாம் வயதில் புதுக்கட்சியும் கண்டவர் இராஜாஜி. தம் கட்சிக்குள்ளே மாறுபட்டு நின்றபோது அவர் எதைக் கேட்டார், பிறர் தம்மோடு மாறுபட்டபோது அவர் எதைக் கொடுத்தார் என்னும் இரண்டு கேள்விகளும் அவர் வாழ்க்கையை அளக்க உதவும் கோல்களாகும்.

வழக்கறிஞரும் தொண்டரும்

அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் இரண்டாண்டுகள் சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். 1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் அவர் இல்லத்தில் தங்கினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது வருவாய் மிக்க தொழிலை விடுத்து, வேலூர்ச் சிறைக்கும் சென்றார்.

கட்சியின் மாற்றுக்கருத்தாளராக அறியப்படும் இவர், தம் அரசியல் வாழ்வின் தொடக்கத்தில் பெரும்பான்மையின் பக்கம் நின்றவர் என்பது வியப்பளிக்கலாம். 1922 டிசம்பரில் கயாவில் காங்கிரசு மாநாடு கூடியது. காந்தியடிகள் சிறையில் இருந்தார். சட்டமன்றங்களுக்குள் நுழைந்து அங்கிருந்தே ஆங்கில அரசை எதிர்க்கலாம் என்றார் மாநாட்டுத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். மோதிலால் நேருவும் அவர் பக்கம் நின்றார். கூடாது, காந்தியடிகள் வகுத்த பாதையை மாற்றலாகாது என்று வாதிட்டவர்களை வழிநடத்தியவர் இராஜாஜி. 1748 வாக்குகளுக்கு 890 என்னும் கணக்கில் அவர் அணி வென்றது. தாஸ் தலைமைப் பதவியைத் துறந்தார். ஆனால், காங்கிரசைத் துறக்கவில்லை. காங்கிரசுக்கு உள்ளேயே சுயராச்சியக் கட்சியை அமைத்தார். ஒன்பது மாதங்களுக்குள் தில்லியில் கூடிய சிறப்பு மாநாடு, சட்டமன்றம் செல்ல விரும்புவோர் செல்லலாம் என்று இசைவளித்தது. தோற்றவர்களைத் துரத்தாமல் இடம் கொடுத்ததால் அன்று கட்சி பிளவினின்று தப்பியது.

இராஜாஜி கதர்ப்பணியின் பக்கம் திரும்பினார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, ஊர்மக்களிடையே வாழ்ந்தார். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை நடத்திச் சிறை புகுந்தார். 1933இல் அவர் மகள் இலட்சுமி, காந்தியடிகளின் மகன் தேவதாஸை மணந்தார். தலைவரும் தொண்டருமாக இருந்தவர்கள் சம்பந்திகளும் ஆயினர்.

காலம் அவர் கருத்தையும் மாற்றியது. சட்டமன்ற நுழைவைக் கயாவில் எதிர்த்தவர், 1937 தேர்தலில் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு வெல்லச் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர் ஆனார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, ஆலய நுழைவுச் சட்டம், விற்பனை வரி என அவர் ஆட்சியின் செயல்கள் பல. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அவ்வாட்சியே. அதை எதிர்த்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் நீத்தனர். காங்கிரசே முன்பு கண்டித்த அடக்குமுறைச் சட்டம் ஒன்று இப்போராட்டத்தின்மீது பயன்படுத்தப்பட்டது. தம் மாற்றுக்கருத்துக்குப் பின்னாளில் இடம் கேட்ட ஒருவர், ஆட்சியில் இருந்தபோது பிறர் மாற்றுக்கருத்தை நடத்திய முறை இது.

வெறுங்கையுடன் விலகல்

இரண்டாம் உலகப்போர் 1942இல் இந்தியாவின் வாயிலுக்கே வந்தது. சிங்கப்பூரும் இரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சும் முறிந்தது. நாட்டைக் காக்க மக்களாட்சி அரசு தேவை. அதற்கு முஸ்லிம் லீக்கின் ஒத்துழைப்பு தேவை. அதைப் பெறப் பிரிவினை உரிமையை ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை எனக் கணக்கிட்டார் இராஜாஜி. சென்னைச் சட்டமன்றக் காங்கிரசு உறுப்பினர்களைக் கூட்டி ஏப்ரல் 23இல் அவ்வாறே தீர்மானமும் நிறைவேற்றினார். கட்சித் தலைமை கண்டித்தது. அவர் காரியக் குழுவிலிருந்து விலகினார். அலகாபாத் வாக்கெடுப்பு அதன் பின்னரே நடந்தது.

தோற்ற கருத்தை மக்களிடம் கொண்டுசெல்லத் தமக்கு உரிமை உண்டு என்று அவர் கருதினார். ஊர்தோறும் பேசினார். கூட்டங்களில் கூச்சல் எழுந்தது. பம்பாயில் அவர்மீது தார் வீசப்பட்டது. காந்தியடிகள் இராஜாஜியின் கருத்தை முற்றாக மறுத்தவர். ஆயினும், அவரைப் பேசவிடாமல் தடுப்பதைக் கண்டித்து எழுதினார். அதே காந்தியடிகள்தாம், கட்சியின் பெயரால் பெற்ற உறுப்பினர் பதவியையும் கட்சித் தொடர்பையும் துறந்துவிட்டு, அதன்பின் இப்பரப்புரையைச் செய்வதே முறை என்றும் அறிவுரை கூறினார். பேசும் உரிமை வேறு, கட்சி தந்த இருக்கையில் அமர்ந்துகொண்டு கட்சியை எதிர்ப்பது வேறு என்னும் நுண்ணிய வேறுபாடு இதில் அடங்கியுள்ளது. இராஜாஜி அதை ஏற்றார். ஜூலையில் காங்கிரசிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார். வேறு கட்சியில் சேரவில்லை. பதவி எதுவும் அவருக்காகக் காத்திருக்கவும் இல்லை.

அடுத்த மாதம் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. பழைய தோழர்கள் சிறையில் இருக்க, இராஜாஜி வெளியில் இருந்தார். ஆகாகான் மாளிகையில் 1943இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தபோது அவரைச் சந்தித்துத் தம் திட்டத்தைக் காட்டி இசைவு பெற்றார். போருக்குப்பின் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அடுத்தடுத்த மாவட்டங்களில் மக்கள் வாக்கெடுப்பு நடத்துவது, பிரிய நேர்ந்தால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்பாடு செய்துகொள்வது என்பன அதன் கூறுகள். 1944 செப்டம்பரில் காந்தியடிகளும் ஜின்னாவும் அதை அடிப்படையாகக் கொண்டு பேசினர்; உடன்பாடு ஏற்படவில்லை. 1947இல் பிரிவினையைக் காங்கிரசே ஏற்க நேர்ந்தது. இராஜாஜியின் வழி முன்பே ஏற்கப்பட்டிருந்தால் பிரிவினை தவிர்ந்திருக்குமா, விரைந்திருக்குமா என்பதில் வரலாற்றறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.

அவர் 1945இல் காங்கிரசுக்குத் திரும்பியபோது தமிழகத் தொண்டர்கள் கொதித்தனர். அவர்கள் சினத்திலும் நியாயம் இருந்தது. காமராசர் உள்ளிட்டோர் மூன்றாண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டு வந்திருந்தனர். போராட்டத்தில் உடன் நில்லாதவர் மீண்டும் தலைமைக்கு வருவதா என்று கேட்டனர். 1946இல் சென்னைக்கு வந்த காந்தியடிகள், இராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு குழு இயங்குவதாக எழுதினார். அச்சொல் காமராசரைப் புண்படுத்த, அவர் கட்சியின் சட்டமன்றக் குழுவிலிருந்து விலகினார். எனினும், சட்டமன்ற உறுப்பினர்கள் காந்தியடிகளின் விருப்பத்துக்கும் இணங்கவில்லை. ஆந்திரத் தலைவர் த. பிரகாசம் முதன்மை அமைச்சர் ஆனார். மாற்றுக்கருத்தை ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். அக்கருத்துக்கு உரியவரையே தலைவராக ஏற்க வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

சென்னை கைவிட்டபோது தில்லி அழைத்தது. இடைக்கால அரசில் அமைச்சர், மேற்கு வங்க ஆளுநர், 1948 ஜூன் முதல் இந்தியாவின் தலைமை ஆளுநர், உள்துறை அமைச்சர் எனப் பதவிகள் தொடர்ந்தன.

கணக்குத் தவறிய அவை

விரைந்து கடந்துவிட முடியாத பக்கம் ஒன்று 1952இல் வருகிறது. முதற் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களுள் காங்கிரசு பெற்றவை 152 மட்டுமே. காங்கிரசிலிருந்து விலகி வேறு கட்சி கண்டிருந்த பிரகாசம், பொதுவுடைமைக் கட்சியினரையும் பிறரையும் சேர்த்து ஐக்கிய சனநாயக முன்னணி அமைத்தார். தமக்கு 166 பேர் ஆதரவு உண்டு என்றார். ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ இராஜாஜியை அழைத்தார். தேர்தலில் நில்லாத இராஜாஜி, ஆளுநரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் ஆனார். காங்கிரசை எதிர்த்து வென்ற காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலர் அமைச்சரவையில் இடம்பெற்றார். அக்கட்சிக்கு 6 உறுப்பினர்கள். இராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 பேர். அவர்களும் ஆதரவு தந்தனர். சுயேச்சைகளும் சாய்ந்தனர். பெரும்பான்மை உருவாயிற்று.

நிலையான அரசு அமைந்தது என்று ஆதரவாளர்கள் மகிழ்ந்தனர். காங்கிரசு வேண்டாம் என்று வாக்களித்தவனின் வாக்கு எங்கே போயிற்று என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணை அரசியலமைப்பில் சேர்ந்தது 1985இல்தான். ஆகவே சட்டம் எதுவும் மீறப்படவில்லை. எனினும், 1942இல் இருக்கையைத் துறந்து விலகியவர், பத்தாண்டு கழித்துப் பிறர் தத்தம் இருக்கையோடு இடம் மாறியதன் பயனைப் பெற்றார். (தோற்ற பிரகாசமும் அடுத்த ஆண்டே காங்கிரசின் துணையோடு புதிய ஆந்திர மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். அக்காலத்து அணிகளின் எல்லைக்கோடு அவ்வளவு மெல்லியது.)

1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், குலத்தொழிலைக் கற்பிக்கும் திட்டம் எனக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. காங்கிரசு உறுப்பினர்களே மாறுபட்டனர். அவர்களைக் கலந்துகொள்ளாமல் அறிவித்த திட்டத்திற்கு அவர்கள் ஆதரவைத் திரட்ட இயலாமல், 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவருக்கான தேர்தலில் அவர் தரப்பு சி. சுப்பிரமணியத்தை நிறுத்தியது, அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராசர் 93 வாக்குகளும் சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். வென்ற காமராசர் அமைத்த எண்மர் அமைச்சரவையில், தம்மை எதிர்த்து நின்றவரும் அவரை முன்மொழிந்தவரும் இடம்பெற்றனர். சுப்பிரமணியத்திடம் நிதித்துறையும் கல்வித்துறையும் ஒப்படைக்கப்பட்டன. இராஜாஜி பல்லாண்டுகள் கேட்டும் முழுமையாகப் பெறாத ஒன்றை, அவர் அணியினருக்கு அவருடைய எதிரணித் தலைவர் தயங்காமல் அளித்தார்.

இருபத்தொன்றாம் கொள்கை

1957இல் இராஜாஜி மீண்டும் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு, கூட்டுறவு வேளாண்மையைக் குறிக்கோளாக ஏற்றது. உழவரின் நிலவுரிமை இதனால் பறிபோகும், அரசின் கை வரம்பின்றி நீளும் என்று அஞ்சியவர்கள் ஒன்றுகூடினர். அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியின் பிறப்பு அறிவிக்கப்பட்டது. உழவர் தலைவர் என்.ஜி. ரங்கா அதன் தலைவர். ஒருகாலத்தில் காங்கிரசு சோசலிசக் கட்சியை நிறுவியோருள் ஒருவரான மினூ மசானி அதன் பொதுச்செயலர்.

கட்சி வகுத்த கொள்கைகள் 21. அவற்றுள் இறுதியானதே கருதத்தக்கது. அடிப்படைக் கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட எல்லாப் பொருள்களிலும் உறுப்பினர்கள் தத்தம் கருத்தைக் கொள்ளவும் வெளியிடவும் முழு உரிமை உடையவர்கள் என்று அது உறுதி கூறியது. பதினைந்து பேரோடு தனித்து நின்ற அலகாபாத் பட்டறிவு இவ்வரியில் கலந்திருப்பதை உணரலாம். இவ்வுரிமை ஏட்டளவில் நிற்கவில்லை. அதற்கு முதலில் விலை கொடுத்தவர் இராஜாஜியே. மதுவிலக்கு அவர் உயிர்க்கொள்கை. மசானி அதை ஏற்காதவர். தாம் தோற்றுவித்த கட்சியிலேயே மதுவிலக்கைக் கட்சிக் கொள்கையாக்க இராஜாஜி வற்புறுத்தவில்லை. ஆட்சிமொழியாக ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று அவர் எழுதியதும் பேசியதும் அவருடைய கருத்தாகவே நின்றன. 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

தளர்ந்த கட்டு இருமுனையும் அவிழும். பீகாரில் ராம்கர் அரசர் காமாக்யா நாராயண் சிங் தம் ஆதரவாளர் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில் அக்கூட்டத்தோடே வெளியேறினார். கொள்கைக்காக வந்தவர் யார், வசதிக்காக வந்தவர் யார் எனப் பிரித்தறியும் வழி கட்சியிடம் இல்லை. எனினும், மக்களவையில் 1962இல் 18 இடங்களும் 1967இல் 44 இடங்களும் பெற்று, முதன்மை எதிர்க்கட்சியாக அது வளர்ந்தது. அதே 1967இல் தமிழகத்தில் அண்ணாவின் தலைமையிலான தி.மு.க.வோடு இராஜாஜி கூட்டணி அமைத்தார். முப்பதாண்டுகளுக்கு முன் இந்தி எதிர்ப்புக் களத்தில் எதிரெதிரே நின்ற மரபினர், இப்போது ஒரே மேடையில் நின்று காங்கிரசு ஆட்சியை வீழ்த்தினர்.

அக்கூட்டணியும் நிலைக்கவில்லை. காங்கிரசு பிளவுற்றபின் வந்த 1971 தேர்தலில், இராஜாஜியின் பக்கத்தில் நின்றவர் காமராசர். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைமைக்கு இராஜாஜி அணியின் வேட்பாளரை 3 வாக்குகளில் வென்ற நாள்முதல் எதிரணியில் இருந்தவர் அவர். இருவரும் இணைந்து வாக்குக் கேட்டனர், மக்கள் தரவில்லை. சட்டமன்றத்தில் தி.மு.க. 184 இடங்களை வென்றது. மக்களவையில் சுதந்திராக் கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது. தொண்ணூற்றிரண்டு வயதைக் கடந்திருந்த இராஜாஜி, தோல்விக்குப் பின்னும் இதழ்களில் எழுதுவதை நிறுத்தவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குள் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் இணைந்து, தன் பெயரையும் இருபத்தொரு கொள்கைகளையும் வரலாற்றுக்கு விட்டுச்சென்றது.